சாட்சியும் பாவசங்கீர்த்தனமும்

'சாட்சி' என்ற சொல் ஆம்பூரில் இரண்டு இடங்களில் புழங்குகிறது. கோர்ட்டில் ஒன்று, ஜெபக்கூட்டத்தில் ஒன்று. லுத்தரன் மிஷன் நூறு வருஷங்களுக்கு மேலாக வேர்விட்டிருக்கிற ஊர் இது. பெதஸ்தா ஆஸ்பத்திரி, கன்கார்டியா பள்ளிக்கூடம் என்று அதன் தடம் ஊருக்குள் இருக்கிறது. அதனால் 'அவள் சாட்சி சொன்னாள்' என்று யாராவது சொன்னால், எங்கே என்று கேட்டுத்தான் பொருள்கொள்ள வேண்டியிருக்கிறது.

கோர்ட்டில் சாட்சி சொல்பவள் பிறர் செய்ததைச் சொல்கிறாள். தேதி, இடம், ஆள், செயல். ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்பவள் தன்னைச் சொல்கிறாள்: நான் இப்படிக் கெட்டுக்கிடந்தேன், கர்த்தர் என்னைத் தூக்கியெடுத்தார். முதலாவதற்குப் பின்னால் குறுக்கு விசாரணை வருகிறது. இரண்டாவதற்குப் பின்னால் 'ஆமென்' வருகிறது. கத்தோலிக்க மரபில் மூன்றாவது வடிவம் ஒன்றும் உண்டு, பாவசங்கீர்த்தனம். அங்கே பேச்சு முழுவதும் ஒரே ஒரு காதுக்குப் போகிறது. அந்தக் காது அதை வெளியே விடக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். மூன்றும் தன்மை ஒருமையில் பேசப்படுபவை. மூன்றும் உண்மையை உரிமை கொண்டாடுபவை. ஆனால் மூன்றிலும் வாக்கியத்தின் எழுவாய் வேறு, குற்றவாளி வேறு, கேட்பவனுக்கு உள்ள கடமையும் வேறு.

பீடத்தில் நிற்கிற ஒருவன் தனக்கு இழைத்த தீங்கை ஒரு சிறுமி இவற்றில் எந்த வடிவத்தில் பேச அனுமதிக்கப்படுகிறாள் என்பதுதான் இந்த விஷயத்தின் மையம் என்று எனக்குப் படுகிறது. முதல் வடிவத்தில் வந்திருக்க வேண்டிய பேச்சை இரண்டாவதற்கோ மூன்றாவதற்கோ மாற்றிவிடுவதில் மத ஸ்தாபனங்கள் நீண்ட பயிற்சி உள்ளவை. அப்படி மாற்றப்பட்ட பேச்சை மறுபடியும் முதல் வடிவத்துக்கு இழுத்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணின் வேலையையும் எழுத்தையும் பற்றி இங்கே பேச வேண்டும். பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இப்படிப்பட்ட எழுத்தை எதிர்கொள்ளும்போது நம் சிறுபத்திரிகை விமர்சனமும் தன்னையறியாமல் ஸ்தாபனத்தின் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

*

கிறிஸ்டா பிரவுன் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்துக்காரர். மேல்முறையீட்டு வழக்குகளை நடத்திய வக்கீல். 1960களின் இறுதியில், பதினாறு வயதில், டாலஸை அடுத்த ஃபார்மர்ஸ் பிராஞ்ச் என்ற ஊரில், குடும்பம் போய்வந்துகொண்டிருந்த பாப்டிஸ்ட் சபையின் இளைஞர் ஊழியனால் பாலியல் வன்முறைக்கு ஆளானவர். இரண்டு புத்தகங்கள் எழுதியிருக்கிறார்: 'திஸ் லிட்டில் லைட்' (2009), 'பாப்டிஸ்ட்லாண்ட்' (2024).

அவர் சொல்லும் விவரங்களில் ஒன்று என்னை நிறுத்திவைத்தது. நடந்தது எல்லாம் வேத வசனத்தின் மொழியிலேயே நடந்தது. தேவ சித்தம் என்ற பெயரிலேயே நடந்தது. முடிவில் அந்த ஊழியன் அந்தப் பெண்ணைத் தன் மனைவியிடம் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைக்கிறான். கேட்டது பதினாறு வயதுப் பெண். பாவத்தின் எழுவாய் அங்கே கைமாறிவிடுகிறது. பிறகு அவள் தன் சபையின் இசை ஊழியரிடம் விஷயத்தைச் சொல்கிறாள். யாரிடமும் பேச வேண்டாம் என்பது கிடைத்த பதில். இந்த இரண்டு செயல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது அவளுடைய வாக்குமூலத்தைப் பாவசங்கீர்த்தனமாக மாற்றுகிறது. இரண்டாவது அந்தச் சங்கீர்த்தனத்துக்கு முத்திரை வைக்கிறது. பாப்டிஸ்டுகளிடம் பாவசங்கீர்த்தனக் கூண்டு கிடையாது. இருந்தும் என்ன, சபையே கூண்டாகிவிட்டது.

முப்பது வருஷங்களுக்கு மேல் கழித்து, சொந்த மகள் அந்த வயதை எட்டும்போதுதான், பிரவுன் தன் வாழ்க்கையை வேறு மாதிரி வாசிக்கிறார். 'நான் செய்த பாவம்' என்று உள்ளே பதிந்துகிடந்தது ஒரு குற்றத்தின் விவரணை என்று தெரிகிறது. 2004 வாக்கில் கடிதங்கள் எழுதத் தொடங்குகிறார்: ஊர்ச் சபைக்கு, மாநில அமைப்புக்கு, தேசிய அமைப்புக்கு. அந்த ஆள் அப்போதும் வேறொரு மாநிலத்தில், அதுவும் சிறுவர்களுக்கான ஊழியத்தில் இருந்திருக்கிறான். டெக்ஸாஸ் பாப்டிஸ்ட் அமைப்பிடம் இப்படிப்பட்ட ஊழியர்களைப் பற்றி ஒரு ரகசியக் கோப்பு இருந்தது. அதில் பெயரைச் சேர்க்கச் சபைகளால் முடியும், பாதிக்கப்பட்டவரால் முடியாது. கோப்பில் பெயர் இருப்பதால் யாருக்கும் எச்சரிக்கை போகப்போவதுமில்லை. வழக்குப் போட்ட பிறகுதான் சபை எழுத்தில் வருத்தம் தெரிவித்தது.

*

மேல்முறையீட்டு வக்கீலின் தொழில் விசேஷமானது. அவருக்குச் சாட்சிக்கூண்டு இல்லை. புதிய ஆதாரம் கொண்டுவர வழியில்லை. கண்ணீர், குரல் நடுக்கம், முகபாவம் எதுவும் அவர் கோர்ட்டில் நுழையாது. கீழ்க்கோர்ட்டின் பதிவு ஒன்றுதான் அவர் உலகம். பதிவில் இருப்பது நடந்தது; பதிவில் இல்லாதது நடக்கவில்லை. தவறு எங்கே நிகழ்ந்தது என்பதைப் பக்கம் சொல்லி, வரி சொல்லிக் காட்ட வேண்டும்.

பிரவுனின் போராட்டத்துக்கு உருவம் தந்தது இந்தத் தொழில்தான் என்று நினைக்கிறேன். தன்னைச் சூழ்ந்திருந்த அமைப்பின் சாமர்த்தியம் முழுவதும் விஷயத்தைப் பதிவுக்கு வெளியே வைத்திருப்பதில் இருந்தது என்பதை அவரைப்போல் இன்னொருவர் அவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டிருக்க முடியாது. மற்றவர்கள் நீதி கேட்டார்கள், ஆறுதல் கேட்டார்கள், மன்னிப்பு கேட்டார்கள். அவர் முதன்மையாகக் கேட்டது ஒரு பட்டியல். குற்றச்சாட்டு நம்பத்தகுந்தது என்று சுயேச்சையான ஒரு குழு விசாரித்துத் தெளிந்த ஊழியர்களின் பட்டியல்; எந்தச் சபையும் எந்தத் தாயும் எடுத்துப் பார்க்கக்கூடியது. அமைப்பு செய்யாததால், பத்திரிகைகளிலும் கோர்ட்டுகளிலும் ஏற்கெனவே வெளிவந்த விவரங்களைக் கொண்டு அவரே ஒன்றைத் தொகுக்க ஆரம்பித்தார். கவிதை எழுதுகிறவர்களுக்குப் பட்டியல் என்பது வறண்ட விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பேரேடு எழுதுகிறவனுக்குத் தெரியும், எழுதப்படாத பற்று யாரோ ஒருவர் கணக்கில் நஷ்டமாக உட்கார்ந்திருக்கும் என்று.

தெற்கத்திய பாப்டிஸ்ட் கூட்டமைப்பு அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டண்டு அமைப்பு. ஒரு கோடிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். 2008இல் அதன் நிர்வாகக் குழு பட்டியல் யோசனையை நிராகரித்தது. சொன்ன காரணம் ஒவ்வொரு சபையும் சுயாதீனமானது என்பது. மேலிருந்து யாரும் எந்தச் சபையையும் கட்டுப்படுத்த முடியாது. ஆகவே பட்டியலும் முடியாது. இது இறையியல் என்ற பெயரில் சொல்லப்பட்டது.

இந்தத் தர்க்கத்தை என் தொழிலிலிருந்து பார்க்கிறேன். பாங்குகளும் தனித்தனி ஸ்தாபனங்கள். ஒன்றுக்கொன்று போட்டியும் உண்டு. ஆனாலும் மோசடியில் சம்பந்தப்பட்டவர்களைப் பற்றிய எச்சரிக்கைப் பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சுற்றுக்கு வருகின்றன. அதனால் எந்த பாங்கின் சுயாதீனமும் குலைந்துபோனதாகத் தெரியவில்லை. ஒரு கிளார்க்கு மாற்றலாகிப் போனால் அவனுடைய சர்வீஸ் ஃபைலும் பின்னாலேயே போய்ச் சேர்கிறது. பணத்தைப் பாதுகாக்க நமக்குத் தோன்றிய எளிய யுக்தி குழந்தைகளைப் பாதுகாக்கத் தோன்றவில்லை என்றால் குறை யுக்தியில் இல்லை.

2019 பிப்ரவரியில் ஹூஸ்டன் கிரானிக்கிள், சான் அன்டோனியோ எக்ஸ்பிரஸ் நியூஸ் ஆகிய இரண்டு பத்திரிகைகள் சேர்ந்து இருபது வருஷப் பதிவுகளைத் துழாவி வெளியிட்டன: சுமார் 380 ஊழியர்களும் தொண்டர்களும், எழுநூறுக்கு மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்கள். 2022 மே மாதம் ஒரு சுயேச்சையான விசாரணை அறிக்கை வந்தது. பட்டியல் சாத்தியமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அதே அலுவலகத்தில், 2007 முதல் ஓர் ஊழியர் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொண்டே இருந்தார் என்பது அதில் வெளிப்பட்டது. அதில் 703 பெயர்கள். உள்ளே பட்டியல் இருந்தது. வெளியே இறையியல் இருந்தது. பிரவுன் ஒரு முறை நிர்வாகக் குழுவின் முன் பேசியபோது ஓர் உறுப்பினர் முதுகைத் திருப்பிக்கொண்டதையும் இன்னொருவர் சிரித்ததையும் அதே அறிக்கை பதிவு செய்கிறது. அவரைப் போன்றவர்களின் முயற்சியைச் சாத்தானின் சூழ்ச்சி என்று மூத்த நிர்வாகி ஒருவர் எழுதியதும் அதில் இருக்கிறது. அவரைப் பதிவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தவர்களின் முதுகும் சிரிப்பும் இப்போது பதிவில் இருக்கின்றன. மேல்முறையீட்டு வக்கீலுக்கு இதைவிடப் பொருத்தமான பலன் இருக்க முடியாது.

இதை வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்துவிடக் கூடாது. 2022 ஜூனில் பொதுப் பட்டியல் ஒன்றை உருவாக்குவதாகக் கூட்டமைப்பின் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 2025 தொடக்கத்தில், அது இப்போதைக்கு எங்கள் கவனத்துக்குரிய வேலை அல்ல என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. தீர்மானத்துக்கும் காரியத்துக்கும் நடுவே எவ்வளவு மணல் கிடக்கும் என்பதைப் பாலாற்றங்கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் ஷாப்புக் கழிவை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் 1991இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்றது. தன் காரியத்தால் தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்தக் காரியத்தைச் செய்பவன்மேல் இருக்கிறது என்றது. பாதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுக்க ஓர் ஆணையமும் வந்தது. ஒவ்வொரு ஷாப்பும் தனித்தனி, ஆறு செத்ததற்கு யாரும் பொறுப்பில்லை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. இருந்தும் 2025 ஜனவரியில் அதே விஷயத்துக்காக அதே கோர்ட்டு மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

*

இதெல்லாம் அமெரிக்கப் பாப்டிஸ்டுகளின் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். ஊட்டியைச் சொல்கிறேன். ஊட்டி மறைமாவட்டத்துப் பாதிரியார் ஜோசப் பழனிவேல் ஜெயபால் 2004இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குப் போனார். மறு வருஷம் இந்தியா திரும்பிவிட்டார். அங்கே இரண்டு பதின்வயதுப் பெண்கள் சம்பந்தமாக அவர்மேல் குற்றச்சாட்டு பதிவானது. 2010இல் உலகப் பத்திரிகைகள் இதை எழுதியபோதும் அவர் தன் மறைமாவட்டத்திலேயே வேலையில் இருந்தார். 2012இல் ஈரோட்டில் கைது, 2014இல் அமெரிக்காவிடம் ஒப்படைப்பு, 2015இல் ஒரு பெண் சம்பந்தப்பட்ட குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை, பிறகு நாடு திரும்பல். 2016இல் ஊட்டி பிஷப், வத்திக்கானைக் கலந்துகொண்டு, அவர்மேல் இருந்த தடையை நீக்கினார். கத்தோலிக்க அமைப்பில் சுயாதீனம் என்ற சாக்கு கிடையாது. மேலிருந்து கீழ்வரை ஒரே ஏணி. சாக்கு வேறு, விளைவு ஒன்று. ஊர் மாறினால் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. அமெரிக்கக் கோர்ட்டுப் பதிவில் இருந்தது நீலகிரியில் செல்லுபடியாகவில்லை.

இதை ஒரு மதத்தின் வியாதியாகப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களுக்குத் திருச்சியை ஞாபகப்படுத்த வேண்டும். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்து ஆசிரமம் வைத்த பிரேமானந்தா 1994இல் கைதானார். 13 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியதற்கும் ஒரு கொலைக்கும் 1997இல் புதுக்கோட்டை செஷன்ஸ் கோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது. 2005இல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. சாட்சி சொன்னவர்களில் பலர் ஆசிரமத்தைத் தவிர வேறு வீடு அறியாதவர்கள். தங்களுக்குச் சோறு போட்ட கைக்கு எதிராக, பிரபலமான வக்கீல்களின் குறுக்கு விசாரணையைத் தாங்கிக்கொண்டு அவர்கள் பேசியிருக்கிறார்கள். தமிழில் நிகழ்ந்த பேச்சு அது.

*

இனி நம் வட்டத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட புத்தகம் ஒன்று கைக்கு வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? 'உண்மைதான், ஆனால் இலக்கியமாகவில்லை.' 'அனுபவம் இருக்கிறது, அது கலையாக மாறவில்லை.' 'வெறும் வாக்குமூலம்.' இந்த வாக்கியங்களை நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்; சொல்லும்போது தரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொள்கிறோம். அனுபவம் கலையாக மாறுவது என்றால் என்ன? நம் வழக்கத்தில் அதற்கு அர்த்தம்: கோபம் வடிந்திருக்க வேண்டும், எதிராளியையும் 'மனிதனாகப்' புரிந்துகொண்டிருக்க வேண்டும், தனக்குள் திரும்பித் தன் பங்கையும் தேடியிருக்க வேண்டும், பெயர்களும் தேதிகளும் கரைந்து பொதுவான மானுட நிலை ஒன்று மேலே வந்திருக்க வேண்டும். இதையே ஒரு போதகர் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோபத்தை விடு, மன்னித்துவிடு, உன் பாவத்தையும் எண்ணிப் பார், பெயர் சொல்லாதே. ஒவ்வொரு சொல்லும் அப்படியே பொருந்துகிறது. அந்த ஊழியன் தன் மனைவியின் முன் அந்தப் பெண்ணை நிறுத்தியதுபோல நாம் அவளை அழகியலின் முன் நிறுத்துகிறோம்.

சிஸ்டர் ஜெஸ்மியின் 'ஆமென்' 2009இல் மலையாளத்தில் வந்து தமிழிலும் வந்தது. ஆங்கில இலக்கியம் படித்தவர், கல்லூரி முதல்வராக இருந்தவர், 2008இல் மடத்தை விட்டு வெளியேறியவர். அவர் பேச ஆரம்பித்ததும் மடம் அவருக்குச் சிபாரிசு செய்தது மனநல வைத்தியம். குற்றச்சாட்டை நோய்க்குறியாக மாற்றுவது பாவசங்கீர்த்தனத்தின் நவீன வடிவம். நம் தரப்பிலோ அதைப் பரபரப்புப் புத்தகம் என்று ஒதுக்கினோம். அதில் பரபரப்பு இருக்கிறதா, நடை சீராக இருக்கிறதா என்பவை நியாயமான கேள்விகள். ஆனால் ஒரு ஸ்தாபனத்துக்குள் பேச்சு எப்படி எப்படி வடிகட்டப்படுகிறது என்ற விவரம் அதில் இருக்கிறதா இல்லையா என்று நாம் படித்துப் பார்க்கவேயில்லை. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அதன் மொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. மடத்துக்குள் ஜாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று உள்ளே இருந்து வந்த ஒருத்தி சொன்னதற்கு அந்தச் சுளிப்பு பதில் இல்லை என்பது பிறகு மெள்ளப் புரிந்தது. புரிந்ததைக் கொள்கையாக மாற்றிக்கொள்ளாமல் விட்டுவிட்டோம்.

வாக்குமூலத்துக்கு என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதை அளக்க அதன் அளவுகோல் வேண்டும். தெரிந்ததையும் ஊகித்ததையும் அது பிரித்து வைத்திருக்கிறதா? எழுவாய் யார் என்பதில் ஒவ்வொரு வாக்கியமும் கறாராக இருக்கிறதா? செயப்பாட்டுவினைக்குள் ஒளிந்துகொள்கிறதா? 'தவறு நடந்துவிட்டது' என்பது ஸ்தாபனத்தின் வாக்கியம். இன்னார் இதைச் செய்தார் என்பது சாட்சியின் வாக்கியம். உவமையைக் கண்டு பயப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். நல்ல சாட்சி உவமையைத் தவிர்க்கிறாள், உவமை குறுக்கு விசாரணைக்கு நிற்காது என்பதால். இந்த அளவுகோலில் பிரவுனின் முதல் புத்தகம் பெரும்பகுதி தேறுகிறது. எந்தக் கடிதம், யாருக்கு, என்ன பதில் என்று அது அடுக்கிக்கொண்டே போகிறது. அலுப்பூட்டுகிறது என்று ஒருவர் சொல்லலாம். ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பதிவு செய்பவரும் திரும்பத் திரும்பத்தான் எழுத வேண்டும். அந்த அலுப்பு நிர்வாகத்தினுடையது. கோபம் கேலியாக மாறி, வாதத்தை முந்திக்கொண்டு ஓடும் பக்கங்கள்தான் அதன் பலவீனம். அங்கே வக்கீல் பின்வாங்கி மேடைப் பேச்சாளர் முன்னால் வந்துவிடுகிறார். எதிரியின் பிரசங்கத் தொனி இவருக்குள்ளும் ஏறிக்கொள்கிறது. இரண்டாவது புத்தகம் வளர்ந்த வீட்டையும் குடும்பத்துக்குள்ளிருந்த காயங்களையும் சேர்த்துக்கொள்கிறது. சபையில் கீழ்ப்படியப் பழகுமுன் வீட்டில் பழகியாயிற்று என்ற உண்மைக்கு அது வருகிறது. அதனால் கனம் கூடியிருக்கிறது. அதற்காகக் குற்றவாளியின் பங்கு ஓர் அணுவும் குறைக்கப்படவில்லை. உள்நோக்கித் திரும்புவதும் குற்றம் சாட்டுவதும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ள வேண்டியதில்லை என்பதற்கு நமக்கு இது பாடம்.

*

ஓர் ஆட்சேபம் இருக்கிறது, கனமான ஆட்சேபம். சாட்சி பொய்யாகவும் இருக்கலாம். விமர்சகன் எப்படித் தீர்மானிப்பான்?

2018இல் ஜலந்தர் பிஷப்பாக இருந்த ஃபிராங்கோ முளய்க்கல்மீது கேரளக் கன்யாஸ்திரீ ஒருவர் புகார் கொடுத்தார். 2022 ஜனவரி 14 அன்று கோட்டயம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. தண்டிக்கும் அளவுக்கு அந்தச் சாட்சியம் அப்பழுக்கற்றதாக இல்லை என்பது தீர்ப்பின் சாரம். வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு சமயங்களில் அவர் விஷயத்தை வெவ்வேறு அளவில் சொல்லியிருந்தார். கிரிமினல் கோர்ட்டு அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒருவனைச் சிறைக்கு அனுப்பும் இடத்தில் சந்தேகத்தின் பலன் அவனுக்குப் போவதுதான் முறை. அந்த முறையைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் வாசகன் யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. கோர்ட்டின் தராசை இரவல் வாங்கிக்கொண்டு வந்து புத்தகத்தை நிறுக்க அவனுக்கு அவசியமில்லை. ஒரு மனுஷி முதல் தடவை பாதியைச் சொல்லி, மூன்றாம் தடவை முக்காலைச் சொல்லி, ஐந்தாம் தடவை முழுவதையும் சொல்வது கோர்ட்டுக்கு முரண்பாடாக இருக்கலாம். மொழியைத் தொழிலாகக் கொண்டவனுக்கு அது ஒரு பேச்சு உருவாகும் வரலாறு. முதல் வரைவும் கடைசி வரைவும் வேறாக இருப்பதை நம்மைவிட அறிந்தவர்கள் யார்? நாம் ஒரு கவிதையின் ஐந்து வரைவுகளை ஆராதனையோடு பார்ப்போம். ஒரு புகாரின் ஐந்து வரைவுகளைப் பார்த்தால் புருவத்தை உயர்த்துகிறோம். இதனால் சாட்சி சொல்வதெல்லாம் உண்மை என்று ஆகிவிடாது. கேட்கும் பக்குவம் ஒன்று வேண்டும், அது நம்முடைய துறை என்றுதான் சொல்கிறேன். பிரவுன் கேட்ட சுயேச்சையான குழுவும் இதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. தண்டிப்பது அதன் வேலை அல்ல. கேட்டு, சரிபார்த்து, எழுதி வைப்பது. காலக்கெடு கடந்துபோய்க் கோர்ட்டுக் கதவு மூடிய வழக்குகளுக்கும் அங்கே இடமிருந்திருக்கும்.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது நேராக நம் பொறுப்பு என்பதால். 'கற்பழிப்பு' என்று எழுதிக்கொண்டிருந்தோம். அழிந்தது அவளுடையது, அழித்தவன் சொல்லில் இல்லை. 'கெட்டுப்போனவள்', 'சீரழிந்தவள்', எல்லாவற்றிலும் எழுவாய் அவள்தான். பத்திரிகைகள் இப்போது 'பாலியல் வன்முறை' என்கின்றன, நல்லது. ஆனால் அதைக் கடந்து வந்து நிற்பவளுக்குத் தமிழில் இன்னும் பெயர் அமையவில்லை. 'பாதிக்கப்பட்டவர்' என்பது அந்த நாளிலேயே அவளை நிறுத்திவிடுகிறது. 'தப்பிப் பிழைத்தவர்' வெள்ளத்துக்கும் விபத்துக்கும் சரி; வெள்ளத்தின் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. ஆங்கிலத்தில் அந்தப் பெயரோடு நின்று வாதாட முடிகிறது. நம் சட்டம் அவள் பெயரை வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது; சரியான பாதுகாப்பு அது. அவளே எழுத்தில் இசைந்தால் பெயரைச் சொல்லவும் சட்டம் இடம் தருகிறது. அந்த இடம் பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது. தீர்ப்பில் அவள் 'அ.சா. 1'. வீட்டில் அவள் மௌனம். நடுவில் அவளுக்கு ஒரு சொல்லைச் செய்துவைக்க வேண்டியவர்கள் கவிஞர்கள்.

நாம் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைப்பது 'சாட்சி' என்ற சொல்லைத்தான். அது ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. ஜெபக்கூட்டம் அதைத் தன்னைக் குறுக்கிக்கொள்ளும் பேச்சாக ஆக்கிவைத்திருக்கிறது; கோர்ட்டு அதை எண்ணாக ஆக்கிவைத்திருக்கிறது. இரண்டு இடத்திலிருந்தும் அதை மீட்டு, தனக்கு நடந்ததைத் தன் பெயரில், செய்தவனை எழுவாயாக வைத்துச் சொல்பவள் என்று பொருள்தர முடியும். அதற்கு எழுத்து வேண்டும். புதுக்கோட்டைக் கோர்ட்டில் 1990களில் தமிழ்ப் பெண்கள் கூண்டேறிச் சொன்னவை வழக்குக் கட்டுகளாகத் தங்கிவிட்டன. அதற்குப் பிறகு தமிழில் எத்தனையோ நாவல்கள் வந்துவிட்டன. அந்தக் கூண்டுக்குள் எதுவும் எட்டிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு புத்தகம் நாளைக்கு அவர்களில் ஒருத்தியின் கையாலேயே எழுதப்பட்டு, கோணல்மாணலாக, கோபமாக, தேதியும் பெயருமாக நம் மேஜைக்கு வந்து சேரலாம். 'கலையாகவில்லை' என்று மேலே எழுதித் திருப்பி அனுப்பும் முன்பு நாம் எந்தப் பீடத்திலிருந்து பேசுகிறோம் என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்வது நல்லது.